கடல்நீர்த் தொட்டியில் உப்பை எதைக் கொண்டு அளப்பது?

கடல்மீன் வளர்க்கத் தொடங்குகிறவர் தொட்டிக்கும் விளக்குக்கும் பம்புக்கும் தாராளமாகச் செலவு செய்துவிட்டு, பில் போடும் நேரத்தில் கடைக்காரர் நீட்டுகிற பிளாஸ்டிக் டப்பா ஒன்றை உப்பளவு பார்க்கும் கருவி என்று வாங்கி வருகிறார். அதற்குப் பிறகு தொட்டியில் இருக்கும் உயிர்கள் அத்தனையும் அந்த டப்பா காட்டும் எண்ணை நம்பித்தான் வாழ வேண்டும். எந்தக் கருவி நல்லது என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். ஒருவர் ரிஃப்ராக்டோமீட்டர் என்பார், இன்னொருவர் டிஜிட்டல்தான் என்பார். என் கருத்து வேறு. கருவி எதுவானாலும் சரி, அது சொல்வது உண்மையா என்று சோதித்துப் பார்க்க உங்களிடம் ஒரு திரவம் இருக்க வேண்டும். அது இல்லாதவரை விலை உயர்ந்த கருவியும் ஊகம்தான் சொல்லிக்கொண்டிருக்கும். ஏன் என்பதைப் புரிந்துகொள்ள, அந்தக் கருவிகள் உண்மையில் எதை அளக்கின்றன என்று முதலில் பார்த்துவிடலாம்.

35 என்ற எண்

ஒரு கிலோ கடல்நீரில் சராசரியாக 35 கிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன. ஆயிரத்தில் 35 பங்கு என்பதால் இதை 35 பிபிடி என்கிறோம். சில கருவிகளில் பிஎஸ்யு என்று இருக்கும். வீட்டுத் தொட்டிக்கு இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளலாம். இந்த 35 கிராமில் குளோரைடு 19 கிராமுக்குச் சற்று மேல், சோடியம் 11 கிராமுக்குச் சற்றுக் கீழ். மிச்சத்தில் சல்பேட், மக்னீசியம், கால்சியம், பொட்டாசியம் எல்லாம் அடக்கம். ஆகவே சமையல் உப்பைத் தண்ணீரில் கரைத்துக் கடல்நீர் என்று சொல்லிவிட முடியாது. அக்வேரியக் கடைகளில் விற்கும் கடல் உப்புக் கலவை வேறு, சாம்பாரில் போடுவது வேறு.

கடலுக்குக் கடல் உப்பின் அளவு மாறும். செங்கடலில் 40-ஐத் தொடும். பால்டிக் கடலின் மேல்நீரில் பெரும்பகுதி 10-ஐக்கூட எட்டாது. கங்கையும் பிரம்மபுத்திராவும் வந்து கொட்டும் வடக்கு வங்கக் கடலில் மேல்நீர் சராசரியைவிட நீர்த்துத்தான் இருக்கும். ஆனால் உப்பின் அளவு எவ்வளவு மாறினாலும், திறந்த கடலில் அந்த உப்புகளுக்கு இடையிலான விகிதம் அநேகமாக மாறுவதில்லை. 1872 முதல் 1876 வரை உலகைச் சுற்றிய சாலஞ்சர் ஆய்வுக் கப்பல் கொண்டுவந்த நீர் மாதிரிகளில் 77-ஐ வேதியியலாளர் வில்லியம் டிட்மர் பகுத்துப் பார்த்து, 1884-இல் இதை உறுதி செய்தார்.

நமக்கு இது பெரிய சௌகரியம். ஒவ்வோர் உப்பையும் தனித்தனியாக அளக்க வேண்டியதில்லை. உப்பு கூடக்கூடத் தண்ணீரின் எந்தக் குணம் ஒழுங்காக மாறுகிறதோ அந்த ஒன்றை அளந்தால் போதும், மொத்த உப்பளவைக் கணக்கிட்டுவிடலாம். கடையில் கிடைக்கும் எல்லாக் கருவிகளும் செய்வது இதைத்தான். உப்பு கூடினால் தண்ணீர் கனக்கும்; ஹைட்ரோமீட்டர் அதைப் பார்க்கிறது. ஒளியை அதிகமாக வளைக்கும். ரிஃப்ராக்டோமீட்டர் அதைப் பார்க்கிறது. மின்சாரத்தை எளிதாகக் கடத்தும். கண்டக்டிவிட்டி மீட்டர் அதைப் பார்க்கிறது. உப்பை நேரடியாக எண்ணுகிற கருவி எதுவும் இல்லை. எல்லாமே மறைமுகக் கணக்கு. ஆகவே கணக்கு எங்கே தவறும் என்று தெரிந்தவருக்கே கருவி பயன்படும்.

குறித்து வைத்துக்கொள்ள வேண்டிய எண்கள் சில உண்டு. 35 பிபிடி கடல்நீரின் ஒப்படர்த்தி, அதாவது சுத்த நீரைப்போல் அது எத்தனை மடங்கு கனம் என்ற எண், 25 டிகிரி செல்சியஸில் 1.0264. மின்கடத்துத்திறன் அதே வெப்பநிலையில் சென்டிமீட்டருக்கு 53 மில்லிசீமென்ஸ். ஒளிவிலகல் எண் 20 டிகிரியில் 1.3394; சுத்தமான தண்ணீருக்கு அது 1.3330. கடைசி இரண்டு எண்களையும் ஒருமுறை உற்றுப் பாருங்கள். சுத்த நீருக்கும் கடல்நீருக்கும் உள்ள மொத்த வித்தியாசமே 0.0064 தான். அந்தச் சின்ன இடைவெளியை 35 கூறாக்கி, அதில் ஒரு கூறைக் கண்ணால் பார்த்துப் படிக்கிறோம். கருவி கொஞ்சம் பிசகினாலும் பதில் நிறையப் பிசகுவதற்குக் காரணம் இதுதான்.

எவ்வளவு துல்லியம் தேவை? மீன் மட்டும் இருக்கும் தொட்டி என்றால் 30-க்கும் 35-க்கும் இடையில் எங்கேயாவது நிலையாக இருந்தால் போதும். கடல்மீன் ஓயாமல் கடல்நீரைக் குடித்து, அதிகப்படி உப்பைச் செவுள் வழியாக வெளியேற்றிக்கொண்டே இருக்கிறது. ஓரளவு ஏற்ற இறக்கத்தை அதனால் சமாளிக்க முடியும். பவளம், நட்சத்திர மீன் போன்றவற்றுக்கு அந்த வசதி கிடையாது. வெளியே இருக்கும் நீரின் உப்பளவே அவற்றின் உடல்நீரின் உப்பளவும். அவை இருக்கும் தொட்டியில் 35-ஐ ஒட்டி, ஒன்று முன்பின்னாக வைத்திருப்பது நல்லது. உங்கள் கருவியின் பிழை ஒரு பிபிடிக்குள் அடங்க வேண்டும் என்பதே இதன் பொருள். (இந்தியக் கடலிலிருந்து கடினப் பவளங்களை எடுப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றம். பவளம் வைக்க ஆசைப்படுகிறவர்கள் கருவி வாங்கும் முன் இதையும் தெரிந்துகொள்ள வேண்டும்.)

தொட்டியின் உப்பளவு தானாக மாறிக்கொண்டே இருக்கும் என்பதையும் மறக்கக் கூடாது. தண்ணீர்தான் ஆவியாகும், உப்பு ஆகாது. 100 லிட்டர் தொட்டியில் 3 லிட்டர் வற்றினால் 35 இருந்தது 36-ஐத் தாண்டிவிடும். மின்விசிறிக் காற்று மேலே படும் தொட்டியில், நம் ஊர் வெயில் காலத்தில், இதற்கு அதிக நாள் ஆகாது. வற்றியதற்கு ஈடாக நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும், உப்புநீர் கூடாது. அளக்க வேண்டிய வேலை ஒருநாளோடு முடிவதில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

மிதவைகள்

மலிவானது ஊசி ஹைட்ரோமீட்டர். ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பெட்டிக்குள் ஒரு முள் இருக்கும். தண்ணீரை நிரப்பினால் முள் மேலே எழுந்து ஓர் எண்ணைக் காட்டும். புதியவர் கையில் முதலில் வந்து சேர்வது இதுதான். முள்ளில் ஒரு காற்றுக்குமிழி ஒட்டிக்கொண்டால் அது முள்ளைத் தூக்கி, உப்பு அதிகம் என்று காட்டும். கழுவாமல் வைத்து முள்ளின் மேல் உப்புப் படிந்தால் முள் கனத்து, குறைவாகக் காட்டும். பெட்டி சமதளத்தில் இல்லாவிட்டால் அதற்கொரு பிழை. ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கிய இரண்டு பெட்டிகள் ஒரே தண்ணீருக்கு இரண்டு எண்கள் சொல்வது சர்வசாதாரணம். இருந்தாலும் இதைக் குப்பையில் போடச் சொல்ல மாட்டேன். தன்னளவில் ஒரே மாதிரி தவறு செய்கிற கருவிகூடப் பயன்படும், எவ்வளவு தவறு என்று தெரிந்தால். 35 பிபிடி திரவத்தை ஊற்றி முள் நிற்கும் இடத்தில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். பெட்டியில் அச்சடித்திருக்கும் எண் எதுவாக இருந்தாலும் இனி அந்தக் கோடுதான் உங்கள் 35.

அடுத்தது கண்ணாடி ஹைட்ரோமீட்டர். நீண்ட கண்ணாடிக் குழாய், அடியில் எடை, மேலே மெல்லிய காம்பில் அளவுகோல். பொருள் எவ்வளவு ஆழம் மூழ்குகிறது என்ற ஆர்க்கிமிடீஸ் காலத்துக் கணக்கு. பேட்டரி வேண்டாம், தேய்மானம் இல்லை, உடையாதவரை அளவு மாறாது. தூத்துக்குடி உப்பளங்களுக்குப் போனால் இதே கருவியின் உறவினரைப் பார்க்கலாம். பாத்தியில் உப்புநீர் எவ்வளவு கெட்டிப்பட்டிருக்கிறது என்பதை அங்கே பாமே டிகிரியில் பார்ப்பார்கள். பிரெஞ்சு வேதியியலாளர் அந்துவான் பாமே 18-ஆம் நூற்றாண்டில் வகுத்த அளவுமுறை அது. கடல்நீர் 3 டிகிரிக்குச் சற்று மேலே தொடங்கி, உப்பு விளையும்போது ஏறக்குறைய 25 டிகிரிக்கு வந்திருக்கும். அந்த அகலத்தை அளக்கச் செய்த கருவி தொட்டிக்கு உதவாது. தொட்டிக்கு 1.000 முதல் 1.040 வரைக்குள் அடங்கிய அளவுகோல் வேண்டும். காம்பு எவ்வளவு நீளமோ அவ்வளவு நுணுக்கமாகப் படிக்கலாம். விரல் நீளத்தில் வரும், தெர்மாமீட்டரோடு ஒட்டிய சின்ன மிதவைகளை வாங்காதீர்கள்; அவற்றில் கோடுகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும், எதையும் படிக்க முடியாது.

கண்ணாடி ஹைட்ரோமீட்டரில் எல்லோரும் தடுக்கி விழும் இடம் வெப்பநிலை. அளவுகோலின் ஓரத்தில் சிறிய எழுத்தில் 60/60 எஃப் என்றோ, 20 சி என்றோ, 25 சி என்றோ இருக்கும். இதைப் படிக்காமல் வாங்குகிறவர்களே அதிகம். 60/60 என்றால் 60 டிகிரி ஃபாரன்ஹீட்டில், அதாவது சுமார் 15.6 டிகிரி செல்சியஸில் சரியாகக் காட்டும்படி செய்தது. அதை 25 டிகிரி தொட்டி நீரில் மிதக்கவிட்டால், தண்ணீர் சூட்டில் விரிந்து லேசாகியிருப்பதால் கருவி கூடுதலாக மூழ்கும். தண்ணீர் சரியாக 35 பிபிடி இருந்தாலும் 1.0264-க்குப் பதிலாக 1.0244 அளவில்தான் காட்டும். அதை நம்பி உப்பைக் கூட்டினால் தொட்டி 37, 38-க்குப் போய்விடும். தொட்டிகள் 25 முதல் 28 டிகிரி வரை இருக்கும் நமக்கு, 25 டிகிரிக்குச் செய்த ஹைட்ரோமீட்டரே ஏற்றது. படிக்கும்போது கண்ணை நீர்மட்டத்துக்கு இறக்கி, காம்பைச் சுற்றி மேலேறி நிற்கும் வளைவை விட்டுவிட்டு, சமமான மட்டத்தைப் பாருங்கள். ஓடும் தொட்டியில் மிதக்கவிட வேண்டாம்; உயரமான ஜாடியில் நீரெடுத்து அதில் விடுவது நல்லது.

ரிஃப்ராக்டோமீட்டரும் அதன் பொய்களும்

கைக்கு அடக்கமான ஒரு குழல். ஒரு முனையில் சாய்ந்த கண்ணாடி முப்பட்டகம், அதன்மேல் மூடி. மறுமுனையில் கண் வைத்துப் பார்க்கும் வில்லை. முப்பட்டகத்தின் மேல் இரண்டு மூன்று சொட்டு நீர் விட்டு மூடி, வெளிச்சத்தை நோக்கிப் பிடித்தால் உள்ளே நீலமும் வெள்ளையும் பிரியும் ஒரு கோடு தெரியும். கோடு நிற்கும் எண்தான் உப்பளவு. குறைந்த நீர், அரை நிமிட வேலை, கட்டுப்படியாகும் விலை. பொழுதுபோக்காகத் தொட்டி வைப்பவர்களில் பெரும்பாலோர் இதில் வந்து நிற்பது நியாயம்தான். ஆனால் இதன்மேல் இருக்கும் நம்பிக்கையில் பாதி தகுதியில்லாதது.

முதல் கோளாறு, கருவியின் பிறப்பிலேயே இருக்கிறது. கடைகளில் உப்பு ரிஃப்ராக்டோமீட்டர் என்ற பெயரில் கிடைப்பவற்றில் பல, வெறும் சோடியம் குளோரைடு கரைசலை அளக்க, அதாவது உணவுத் தொழிலில் உப்புநீர் பார்க்கச் செய்தவை. கடல்நீரில் இருக்கும் மற்ற உப்புகள் ஒளியை வளைக்கும் விதம் சற்று வேறு. அதனால் மிகச் சரியாக வேலை செய்யும் சோடியம் குளோரைடு கருவிகூட 35 பிபிடி கடல்நீரைப் பார்த்து 36.5 என்று சொல்லும். உள்ளே இருக்கும் இரட்டை அளவுகோலில் 35-க்கு நேரே ஒப்படர்த்தி எவ்வளவு என்று பாருங்கள். 1.026-ஐத் தாண்டி இருந்தால் கடல்நீருக்கானது, 1.025-ஐ ஒட்டி இருந்தால் சமையல் உப்புக்கானது. கண்டுபிடிக்க முடியாவிட்டாலும் பரவாயில்லை, அதற்கும் வழி இருக்கிறது.

இரண்டாவது கோளாறை உண்டாக்குவது கருவியோடு வரும் குறிப்புத்தாள். காய்ச்சி வடித்த நீரை விட்டு, மேலே இருக்கும் திருகைத் திருப்பி, கோட்டைப் பூச்சியத்தில் நிறுத்தச் சொல்லும். எல்லோரும் அப்படியே செய்துவிட்டு, கருவி சரியாகிவிட்டது என்று நம்புகிறார்கள். தையற்காரரின் நாடா பழசாகி நீண்டுவிட்டால், அதன் முனையைச் சரியாகப் பிடித்து அளந்தாலும் 35-ஆவது அங்குலம் தவறாகத்தான் இருக்கும். ரிஃப்ராக்டோமீட்டரின் பூச்சியம் சரியாக இருப்பதால் 35 சரியாக இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. நாம் வாழப்போவது 35-இல். ஆகவே திருத்துவதும் 35-இல்தான் நடக்க வேண்டும். 35 பிபிடி அளவுத் திரவம் சிறு பாட்டிலில் தனியாக விற்கிறது. அதைச் சொட்டு விட்டு, கோட்டை 35-இல் நிறுத்துங்கள். கருவி சோடியம் குளோரைடுக்குச் செய்ததாக இருந்தாலும் அந்த இடத்தில் இனி சரியாகக் காட்டும். முதல் கோளாறுக்கு நான் சொன்ன வழி இதுதான்.

இதை ஏதோ பொழுதுபோக்குக்காரர்களின் பிடிவாதம் என்று நினைக்க வேண்டாம். கடலியல் அறிஞர்களும் இப்படித்தான் செய்தார்கள், இன்றும் செய்கிறார்கள். டென்மார்க்கின் மார்ட்டின் கிநுட்சென் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உப்பளவு நிச்சயிக்கப்பட்ட கடல்நீரை அடைத்து உலகம் முழுவதும் அனுப்பும் வழக்கத்தைத் தொடங்கிவைத்தார். கோபன்ஹேகன் நீர் என்றே அதற்குப் பெயர். இன்று அந்த நீர் பிரிட்டனில் தயாராகிறது. எந்த நாட்டுக் கப்பல் எந்தக் கருவியால் அளந்தாலும் ஒரே எண் வருவதற்கு அந்தப் பாட்டில்தான் காரணம்.

அளவுத் திரவம் கிடைக்காத ஊரில் இருப்பவர் வீட்டிலேயே செய்துகொள்ளலாம். எடையில் 3.65 சதவீதம் சோடியம் குளோரைடு இருக்கும் கரைசல், ஒளியை 35 பிபிடி கடல்நீர் வளைக்கும் அதே அளவுக்கு வளைக்கும். பாக்கெட்டில் வரும் தூள் உப்பு 73 கிராம், காய்ச்சி வடித்த நீர் 1,927 கிராம். இரண்டையும் நல்ல சமையல் தராசில் நிறுத்துக் கலந்தால் முடிந்தது. தண்ணீரையும் எடை போட வேண்டும், லிட்டர் ஜாடியால் அளக்கக் கூடாது. அயோடின் சேர்த்த உப்பாக இருந்தாலும் கெடுதல் இல்லை. அந்த அளவு அற்பம். கல்லுப்பு மட்டும் வேண்டாம். அதில் ஈரமும் மக்னீசியமும் எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. ஒரு கிராம் வரை காட்டும் தராசில் இப்படிச் செய்தால் அரை பிபிடி அளவுக்குள் பிழை நிற்கும். இன்னொன்று: இந்தக் கரைசல் ரிஃப்ராக்டோமீட்டருக்கு மட்டுமே. கண்டக்டிவிட்டி மீட்டரில் வைத்தால் 38-க்கு மேல் காட்டும். ஹைட்ரோமீட்டரில் விட்டால் 35-க்குச் சற்றுக் குறைவாகக் காட்டும். மூன்று கருவிகளும் மூன்று வேறு குணங்களைப் பார்க்கின்றன என்று முன்பே சொன்னேன்.

மூன்றாவது, வெப்பம். இங்கேதான் குளிர்நாட்டுக் கையேடுகள் நமக்குப் போதாமல் போகின்றன. தண்ணீரின் ஒளிவிலகல் எண் ஒரு டிகிரி சூடு ஏறினால் சுமார் 0.0001 குறைகிறது. உப்பளவில் சொன்னால் ஏறக்குறைய அரை பிபிடி. இதைச் சரிக்கட்டத்தான் கருவியில் ஏடிசி என்ற தானியங்கித் திருத்தம் இருக்கிறது. உள்ளே ஓர் ஈருலோகத் தகடு சூட்டுக்கு ஏற்ப வளைந்து அளவுகோலை நகர்த்துகிறது. தொட்டி நீர் எவ்வளவு சூடு என்பது அதற்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். இரண்டு சொட்டு நீர், அரை நிமிடத்தில் கருவியின் வெப்பநிலைக்கு வந்துவிடும். அதனால்தான் சொட்டு விட்டு மூடியபின் முப்பது விநாடி பொறுக்கச் சொல்கிறார்கள். ஆனால் ஏடிசி வேலை செய்யும் எல்லை பெரும்பாலான கருவிகளில் 10 முதல் 30 டிகிரி வரைதான். மே மாதத்துச் சென்னையிலோ வேலூரிலோ ஏசி இல்லாத அறை பிற்பகலில் எவ்வளவு இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. எல்லையைத் தாண்டியபின் கருவி என்ன சொல்கிறது என்பதற்கு அது பொறுப்பல்ல.

இதற்கும் மருந்து அந்தப் பாட்டில்தான். அளவுத் திரவத்தையும் கருவியையும் ஒரே அறையில் வைத்திருங்கள். தொட்டி நீரைப் பார்ப்பதற்குச் சற்று முன்பு திரவத்தைச் சொட்டு விட்டு 35-இல் நிறுத்துங்கள்; உடனே தொட்டி நீரைப் பாருங்கள். இரண்டு அளவும் ஒரே சூட்டில் எடுத்தவை என்பதால் வெப்பத்தால் வரும் பிழை இரண்டிலும் சமமாக இருந்து கழிந்துவிடும். முடிந்தால் காலை வேளையில் அளப்பது இன்னும் நல்லது.

மற்றவை சில்லறை விஷயங்கள். சொட்டுக்குழாயில் பழைய நீர் நிற்கக் கூடாது. மூடிக்கு அடியில் குமிழி இருந்தால் கோடு மங்கலாகும். மூடாமல் விட்ட சொட்டு ஆவியாகிக் கூடுதலாகக் காட்டும். பார்த்து முடித்ததும் நல்ல தண்ணீரால் கழுவி, மெல்லிய துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். முப்பட்டகத்தில் கீறல் விழுந்தால் கருவியின் கதை முடிந்தது. அளவுத் திரவப் பாட்டிலை இறுக மூடி வையுங்கள். அது கொஞ்சம் கொஞ்சமாக ஆவியானால் அதன் உப்பு ஏறும். அதைப் பார்த்துத் திருத்திய கருவி குறைவாகக் காட்டும், நீங்கள் தொட்டியில் உப்பைக் கூட்டிக்கொண்டே போவீர்கள்.

ஒளியை அளக்கும் டிஜிட்டல் ரிஃப்ராக்டோமீட்டரும் உண்டு. குழியில் நீரை ஊற்றிப் பொத்தானை அழுத்தினால் எண் வரும். கோட்டைக் கண் சுருக்கிப் பார்க்கச் சிரமப்படுகிறவர்களுக்கு நல்ல வசதி. ஆனால் வாங்கும் முன் கையேட்டில் துல்லியம் என்ற வரியைப் படியுங்கள். பெயர் பெற்ற மாடல்களிலேயே 2 பிஎஸ்யு கூடுதல் குறைவு என்று போட்டிருக்கும். திரையில் 35 என்று பளிச்சென்று எழுதியிருந்தாலும் உண்மை 33-ஆகவும் இருக்கலாம், 37-ஆகவும் இருக்கலாம். எண்ணாகத் தெரிவது துல்லியமாகத்தான் இருக்கும் என்ற மயக்கத்துக்கு நாம் கொடுக்கும் விலை பல மடங்கு.

மின்சாரம் சொல்லும் கணக்கு

கண்டக்டிவிட்டி மீட்டரின் ப்ரோப்பை நீரில் நனைத்தால், இரு மின்முனைகளுக்கு இடையில் மின்சாரம் எவ்வளவு எளிதாக ஓடுகிறது என்று பார்த்து உப்பளவாக மாற்றிச் சொல்லும். ஆய்வகங்களில் உப்பளவு என்றால் இந்த வழிதான். 1978-இல் வகுத்த நடைமுறை உப்பளவு முறையே மின்கடத்துத்திறனை அடிப்படையாகக் கொண்டது. வீட்டுக்கு வாங்கக்கூடிய பேனா வடிவக் கருவிகளும் 1 பிபிடி துல்லியம் வரை தருகின்றன. நிறையத் தொட்டிகள் வைத்திருப்பவருக்கும் வாரந்தோறும் பீப்பாயில் உப்பு கலக்குபவருக்கும் இதுவே சௌகரியம்.

வெப்பம் இதையும் விடாது. ஒரு டிகிரிக்கு மின்கடத்துத்திறன் ஏறத்தாழ 2 சதவீதம் மாறும். அதனால் வெப்பநிலையையும் சேர்த்துப் பார்த்துத் திருத்திக்கொள்ளும் கருவிதான் வேண்டும். அநேகமாக எல்லாவற்றிலும் இருக்கிறது. ப்ரோப்பைத் தண்ணீரில் லேசாகத் தட்டி, மின்முனை இடுக்கில் நிற்கும் குமிழியை வெளியேற்றிவிட்டு, எண் நிலைக்கும்வரை காத்திருக்க வேண்டும். தொட்டிக்குள் நேராக நனைக்காமல் ஒரு கோப்பையில் நீரெடுத்துப் பார்ப்பது நல்லது. ஹீட்டரிலோ பம்பிலோ மின்கசிவு இருந்தால் எண் ஆட்டம் காணும். திருத்துவதற்கு 35 பிபிடிக்கான திரவம், அதாவது 53 மில்லிசீமென்ஸ் என்று எழுதியது வேண்டும். கடைகளில் எளிதாகக் கிடைக்கும் 12.88 மில்லிசீமென்ஸ் திரவம் வேறு வேலைக்கானது. அதை வைத்துத் திருத்திவிட்டு 53-ஐப் படிப்பது, மேலே சொன்ன பூச்சியத் தவறின் தம்பி.

பலரும் கேட்கும் கேள்வி ஒன்று. ஆர்.ஓ. தண்ணீர் பார்க்க வீட்டில் டிடிஎஸ் மீட்டர் இருக்கிறதே, அதுவும் மின்கடத்தலைத்தானே பார்க்கிறது, அது போதாதா? போதாது. சாதாரண டிடிஎஸ் பேனா அதிகபட்சம் 9,990 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) வரை காட்டும். கடல்நீர் 35,000 பிபிஎம். நனைத்தால் எல்லை தாண்டிவிட்டது என்று மட்டும் சொல்லும். உப்பு கலக்கப் போகும் நல்ல தண்ணீர் எவ்வளவு சுத்தம் என்று பார்க்க அதை வைத்துக்கொள்ளுங்கள், அந்த வேலைக்கு அது மிக நல்ல கருவி.

வாங்கும்போது

ஒரே ஒரு தொட்டி, முதல் முயற்சி என்றால் சாதாரணக் கை ரிஃப்ராக்டோமீட்டரும் ஒரு பாட்டில் 35 பிபிடி திரவமும் வாங்குங்கள். இரண்டுக்கும் காசு போதாது என்றால் கருவியில் மட்டமானதை எடுத்துத் திரவத்தைக் கட்டாயம் எடுங்கள். ஊசி ஹைட்ரோமீட்டரும் திரவமும் இருப்பவர், திரவமே இல்லாமல் விலை உயர்ந்த டிஜிட்டல் கருவி வைத்திருப்பவரைவிட நம்பகமாக அளப்பார். இன்னும் கொஞ்சம் செலவு செய்ய முடிந்தால் 25 டிகிரிக்கான நீளமான கண்ணாடி ஹைட்ரோமீட்டர் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒளியைப் பார்க்கும் கருவியும் எடையைப் பார்க்கும் கருவியும் ஒரே மாதிரி தவறு செய்ய வாய்ப்புக் குறைவு. இரண்டு ரிஃப்ராக்டோமீட்டர் வாங்கி ஒன்றை ஒன்றால் சரிபார்ப்பதில் அந்த லாபம் கிடைக்காது.

கடலோர ஊர்களில் கடலிலிருந்தே நீர் எடுத்துவந்து தொட்டியை நிரப்புபவர்கள், கடல்நீர்தானே என்று அளக்காமல் விட்டுவிடுகிறார்கள். வடகிழக்குப் பருவமழைக்குப் பின் ஆற்று முகத்துவாரத்தின் பக்கம் எடுத்த நீர் 35-க்கு வெகு கீழே இருக்கும். அவர்களுக்கும் கருவி வேண்டும். பாக்கெட் உப்பு கலப்பவர்கள் எடைக் கணக்கை மட்டும் நம்பக் கூடாது. கலவை உப்பில் கொஞ்சம் நீர் வேதியியல் முறையில் சேர்ந்தே இருக்கும், திறந்து வைத்தால் காற்றின் ஈரத்தையும் உறிஞ்சும். அதனால் லிட்டருக்கு 35 கிராம் போட்டால் 35 பிபிடி வராது, குறையும். கலக்கி, முழுதும் கரைந்து தெளிந்தபின் அளந்துதான் முடிவு செய்ய வேண்டும்.

ஒரு விதிவிலக்கு. மீனுக்கு வெள்ளைப்புள்ளி நோய் வந்து, தனித் தொட்டியில் உப்பளவை ஒப்படர்த்தி 1.009 வரை இறக்கி வைத்தியம் செய்பவர்கள் உண்டு. சற்றுக் கூடினால் ஒட்டுண்ணி பிழைத்துக்கொள்ளும், சற்றுக் குறைந்தால் மீனுக்கு ஆபத்து. அங்கே அளவு பூச்சியத்துக்குப் பக்கத்தில் இருப்பதால், ரிஃப்ராக்டோமீட்டரைக் காய்ச்சி வடித்த நீரில் பூச்சியத்துக்குத் திருத்துவதே சரி. ஊசி ஹைட்ரோமீட்டரை இந்த வேலைக்கு எடுக்கவே கூடாது.

கருவியைத் திருத்தியபின் தொட்டி இத்தனை நாளும் 38-இல் இருந்திருக்கிறது என்று தெரியவந்தால் பதற வேண்டாம். உயிர்கள் நன்றாக இருக்கின்றன என்றால் அவை 38-க்குப் பழகிவிட்டன. ஒரே நாளில் 35-க்குக் கொண்டுவருவதுதான் அவற்றைக் கொல்லும். 100 லிட்டர் தொட்டியில் 38-ஐ 35 ஆக்க மொத்தம் சுமார் 8 லிட்டர் உப்புநீரை எடுத்துவிட்டு அதே அளவு நல்ல தண்ணீர் ஊற்ற வேண்டும். அதை நாளொன்றுக்கு 2 லிட்டர் வீதம் நான்கு நாளில் செய்யுங்கள். ஒவ்வொரு நாளும் ஊற்றுவதற்கு முன் அளந்து பாருங்கள், அளப்பதற்கு முன் திரவத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.